இரண்டு டிக்கெட்டும் தனித்தனியா செல்லும்; சேர்த்தா செல்லாது! அடுத்தடுத்து க்ரூஸ் புக் செய்வோரைச் சிக்க வைக்கும் சட்டம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஏறி, அலாஸ்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கனடாவின் வான்கூவரில் இறங்கும் ஒரு வாரக் கப்பல் பயணம். சட்டப்படி இதில் எந்தச் சிக்கலும் இல்லை. அதே கப்பலில் வான்கூவரில் ஏறி, கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கும் இன்னொரு குறும்பயணம். இதிலும் சிக்கல் இல்லை. ஆனால் ஒரே ஆள் இந்த இரண்டையும் அடுத்தடுத்து புக் செய்தால், அது அமெரிக்கச் சட்டத்தை மீறிய பயணம். கப்பல் நிறுவனத்துக்குத் தலைக்கு இத்தனை டாலர் என்று அபராதம் விழும். அந்த அபராதத்தைப் பயணியிடமே வசூலித்துக்கொள்ளலாம் என்று பல நிறுவனங்களின் பயண ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும்.

அதெப்படி, சரியான இரண்டு பயணங்கள் சேர்ந்தால் தப்பாகும்? இந்தக் கேள்வி இப்போது நம்ம ஊர்க்காரர்களுக்கும் வேண்டியதாகிவிட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தில் இருக்கும் வெம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். கடல் அங்கிருந்து கண்ணுக்கு எட்டாது. சென்னைத் துறைமுகத்துக்கே சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் இன்று ஓ.எம்.ஆரிலும் சியாட்டிலிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அம்மா அப்பாவை ஒரு க்ரூஸில் அனுப்பலாம் என்று யோசிப்பவர்கள் இவர்கள்தான். மொபைலில் தேடும்போது, இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் நாலு நாள் சேர்த்தே போகட்டுமே என்று அடுத்த பயணத்தையும் சேர்த்து புக் செய்துவிடுவார்கள். இரண்டு பணமும் எடுத்துக்கொள்ளப்படும், இரண்டு உறுதிச் சீட்டும் மின்னஞ்சலில் வந்துவிடும். சில மாதம் கழித்து, “உங்கள் பயணம் சட்டத்துக்கு உட்பட்டதாக இல்லை, ஒன்றை ரத்து செய்யுங்கள்” என்று நிறுவனத்திடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வரும். அதற்குள் விமான டிக்கெட், விசா, விடுதி எல்லாம் எடுத்தாகிவிட்டிருக்கும்.

சட்டம் டிக்கெட்டை எண்ணுவதில்லை

இந்தச் சிக்கலுக்குக் காரணம் அமெரிக்காவின் 1886-ம் ஆண்டு பயணிக் கப்பல் சேவைச் சட்டம். அதன் சாரம் இதுதான்: அமெரிக்காவின் ஒரு துறைமுகத்தில் ஏறிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கும் உரிமை அமெரிக்கக் கப்பலுக்குத்தான் உண்டு. அமெரிக்கக் கப்பல் என்றால் அங்கேயே கட்டப்பட்டு, அந்நாட்டவருக்குச் சொந்தமாகி, அந்த நாட்டுக் கொடியோடு ஓடுவது. நாம் விளம்பரங்களில் பார்க்கும் பெரிய க்ரூஸ் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுபவை. நிறுவனத்தின் தலைமையகம் மயாமியில் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் கப்பல் வெளிநாட்டுக் கப்பல்தான்.

நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டுவிட்டால் போதாதா? இங்கேதான் சட்டம் இரண்டு வகை பிரிக்கிறது. ஏறிய துறைமுகத்திலேயே திரும்ப வந்து இறங்கினால், பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு வெளிநாட்டுத் துறைமுகம் போதும். கனடா, மெக்சிகோ, பஹாமாஸ் எதுவானாலும் சரி. சியாட்டிலிலிருந்து கிளம்பும் அலாஸ்கா கப்பல்கள் கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பதற்கு அந்த ஊரின் அழகு மட்டுமே காரணம் அல்ல. கலிபோர்னியாவிலிருந்து ஹவாய் போய்வரும் கப்பல்கள் மெக்சிகோவின் என்செனடாவில் எட்டிப் பார்த்துவிட்டு வருவதும் இதே கணக்கில்தான்.

ஆனால் ஏறும் ஊர் வேறு, இறங்கும் ஊர் வேறு, இரண்டுமே அமெரிக்காவில் என்றால், ‘தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம்’ ஒன்றைத் தொட்டாக வேண்டும். வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, பெர்முடா, கரீபியன் தீவுகளில் பெரும்பாலானவை எல்லாம் ‘பக்கம்’ என்ற கணக்கில் போய்விடும். தென் அமெரிக்கத் துறைமுகம் தொலைதூரம். வெனிசுலாவுக்கு எதிரே இருக்கும் அரூபா, பொனைர், குராசோ தீவுகளும் தொலைதூரக் கணக்கில் வரும். ஃபுளோரிடாவில் ஏறி, பனாமா கால்வாய் வழியாக கலிபோர்னியாவில் இறங்கும் பயணங்களில் கொலம்பியாவின் கார்ட்டஹேனா அடிக்கடி இடம்பெறுவதைக் கவனித்திருக்கலாம். அந்த ஒரு நிறுத்தம்தான் மொத்தப் பயணத்தையும் சட்டத்துக்குள் வைத்திருக்கிறது.

இப்போது முதலில் சொன்ன உதாரணத்துக்கு வருவோம். பயணி கையில் இரண்டு டிக்கெட், இரண்டு பதிவு எண் இருக்கலாம். ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறை டிக்கெட்டை எண்ணுவதில்லை. இந்த ஆள் இந்தக் கப்பலில் முதலில் எங்கே ஏறினார், கடைசியாக எங்கே இறங்கினார் என்றுதான் பார்க்கிறது. ஏறியது சியாட்டில், இறங்கியது லாஸ் ஏஞ்சலஸ், நடுவே தொட்டது கனடா மட்டும். தொலைதூரத் துறைமுகம் இல்லை. ஆக, மீறல்.

“வான்கூவரில் இறங்கி, ஊரைச் சுற்றிவிட்டுத்தானே திரும்ப ஏறினோம்?” என்று கேட்கலாம். அது எடுபடாது. ஒரு பயணம் முடிந்து அடுத்தது தொடங்கும் நாளில், தொடர்ந்து பயணிப்பவர்களையும் கப்பலிலிருந்து இறக்கி, பாஸ்போர்ட் சரிபார்த்து, திரும்ப ஏற்றுவது பல துறைமுகங்களில் வழக்கம். அதைப் பயணம் முடிந்ததாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதே கப்பலில் அதே நாள் மறுபடி ஏறினால் பயணம் தொடர்கிறது என்றே அர்த்தம்.

தப்பிக்க வழி இருக்கிறது, அதுவும் எளிதான வழிதான். இரண்டாவது பயணத்தை வேறு கப்பலில் புக் செய்தால் போதும். சட்டம் கேட்பது, ஒரே கப்பல் இந்தப் பயணியை ஒரு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்ததா என்பதைத்தான். அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பலாக இருந்தாலும் தடை கிடையாது. தொடங்கும் இடத்தையோ முடியும் இடத்தையோ அமெரிக்காவுக்கு வெளியே வைத்துக்கொண்டாலும் பிரச்சினை இல்லை. வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் சீவர்டு வரை போய், அதே கப்பலில் வான்கூவருக்குத் திரும்புவது நன்றாகவே செல்லும். மயாமியில் ஏறி மயாமியிலேயே இறங்கும் கரீபியன் பயணத்தை இரண்டு முறை, மூன்று முறை தொடர்ந்து போனாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

நம்மவர்கள் தவறவிடும் இன்னொரு விஷயம் விசா. கனடாவைத் தொடும் பயணத்துக்கு இந்திய பாஸ்போர்ட்காரர்கள் கனடா விசாவும், திரும்ப அமெரிக்காவுக்குள் நுழையப் பல முறை நுழைவு அனுமதியுள்ள அமெரிக்க விசாவும் வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் சட்டத்துக்காகச் சேர்க்கப்பட்ட அந்தச் சில மணி நேர நிறுத்தத்துக்கே தனி விசா எடுக்க வேண்டியிருப்பது நம் தலையெழுத்து.

இரண்டு டாலரில் தொடங்கிய அபராதம்

இந்தச் சட்டத்தை 1886-ல் கொண்டுவந்தபோது அபராதம் பயணி ஒருவருக்கு 2 டாலர். அது பல் இல்லாத சட்டமாக இருந்ததால் 1898-ல் 200 டாலராக உயர்த்தினார்கள். பின்னர் 300 ஆனது. பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்ந்து இன்று அந்த 300-ஐப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நிற்கிறது. அம்மா, அப்பா என்று இருவர் போனால் அதுவும் இரண்டாகும்.

உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காக்கத்தான் இந்தச் சட்டம் என்கிறார்கள். சரி, காக்கப்பட்ட கப்பல்கள் எங்கே? பெருங்கடலில் ஓடும் பெரிய க்ரூஸ் கப்பல்களில் அமெரிக்கக் கொடியோடு இருப்பது ஒன்றே ஒன்று. ஹவாய் தீவுகளைச் சுற்றும் ‘பிரைட் ஆஃப் அமெரிக்கா’. அதுவும் பாதி கட்டிய நிலையில் ஜெர்மனிக்கு இழுத்துச் செல்லப்பட்டு அங்கே முடிக்கப்பட்டது. அதனால் அமெரிக்கக் கொடி ஏற்ற நாடாளுமன்றம் தனியாக விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது. 140 ஆண்டுகளாகக் காவல் காக்கும் வேலிக்குள் விளைந்தது இவ்வளவுதான்.

கொரோனா காலத்தில் இந்த வேலி அலாஸ்காவின் கழுத்தையே நெரித்தது. 2020-ல் க்ரூஸ் கப்பல்களுக்கு மூடிய தன் துறைமுகங்களை 2021-லும் கனடா மூடியே வைத்திருந்தது. கனடாவைத் தொடாமல் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்வர வெளிநாட்டுக் கப்பல்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. சுற்றுலாவை நம்பியிருந்த அலாஸ்காவின் சிறு துறைமுக ஊர்கள் ஒரு பருவம் முழுவதும் காய்ந்தன. அடுத்த பருவமும் போய்விடும் என்ற நிலையில்தான், அந்த ஆண்டு மே மாதம் தற்காலிக விலக்குச் சட்டம் ஒன்றில் அதிபர் பைடன் கையெழுத்திட்டார். ஒரு நாட்டின் துறைமுகம் மூடினால், பக்கத்து நாட்டின் உள்ளூர்ப் பயணமே நின்றுபோகும் அளவுக்கு இந்தச் சட்டம் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது.

இந்தியாவில் நிலைமை என்ன?

ஒரு நாட்டின் இரு துறைமுகங்களுக்கு இடையிலான போக்குவரத்தை அந்நாட்டுக் கப்பல்களுக்கே ஒதுக்குவதை கப்பல் துறையில் ‘கேபோடேஜ்’ என்பார்கள். இந்தியாவிலும் இது உண்டு. 1958-ம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 407-வது பிரிவு, இந்தியக் கப்பலோ இந்தியர் வாடகைக்கு எடுத்த கப்பலோ அல்லாத எதுவும், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரின் உரிமம் இல்லாமல் கரையோரப் போக்குவரத்தில் ஈடுபடக் கூடாது என்றது. சரக்குக்கு மட்டுமல்ல, பயணிகளுக்கும் சேர்த்துத்தான்.

இதன் வேரைத் தேடினால் தூத்துக்குடிக்குப் போய் நிற்கும். வ.உ.சி. 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனம் கட்டணத்தைத் தரைமட்டத்துக்குக் குறைத்து அவரை நசுக்கியது. ஒரு கட்டத்தில் இலவசமாக ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்து அனுப்பியதாக அந்தக் கதை இன்றும் சொல்லப்படுகிறது. அந்தக் காயத்தைப் பார்த்த தலைமுறைதான், நம் கரையில் நம் கப்பலே ஓட வேண்டும் என்று கேட்டது. 1928-ல் எஸ்.என். ஹாஜி அன்றைய மத்திய சட்டசபையில் கரையோரப் போக்குவரத்தை இந்தியர்களுக்கு ஒதுக்கும் மசோதாவையே கொண்டுவந்தார். சுதந்திரத்துக்குப் பிறகுதான் அது கைகூடியது. ஆகவே இந்த விதியை வெறும் காகித முட்டுக்கட்டை என்று ஒதுக்கிவிட முடியாது. அன்று அது தேவைப்பட்டது.

ஆனால் சொகுசுக் கப்பல் விஷயத்தில் காக்க வேண்டிய இந்தியக் கப்பல்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். அதனால் மத்திய அரசு சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக் கொடியுள்ள பயணிக் கப்பல்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. உரிமம் வாங்காமலேயே ஒன்றுக்கு மேற்பட்ட இந்தியத் துறைமுகங்களைத் தொடலாம், இந்தியப் பயணிகளை ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கலாம். இந்த விலக்கு தவணை முறையில் வந்தது. 2019 பிப்ரவரியில் தொடங்கிய ஒரு தவணை 2024 பிப்ரவரி வரை ஐந்து ஆண்டுகளுக்கு.

சென்னையிலிருந்து 2022 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கார்டிலியா க்ரூஸ் ஓடியது இந்த விலக்கின் தயவில்தான். அந்த ‘எம்பிரஸ்’ கப்பல் 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டது, சென்னைக்கு வந்தபோது பஹாமாஸ் கொடியில் இருந்தது. நம்ம ஊர்க் கப்பல் என்று செல்ஃபி எடுத்துக்கொண்ட பலருக்கு இது தெரிந்திருக்காது. சென்னையில் ஏறி விசாகப்பட்டினத்தைத் தொட்டுத் திரும்பும் அந்தப் பயணம், அமெரிக்கச் சட்டம் இங்கே இருந்திருந்தால் இலங்கையையோ வேறு நாட்டையோ தொடாமல் நடந்திருக்கவே முடியாது. இந்தியாவில் அடுத்தடுத்து இரண்டு பயணம் புக் செய்தால், ஏறும் ஊரையும் இறங்கும் ஊரையும் சேர்த்துப் பார்த்துத் தலைக்கு அபராதம் போடும் விதி இல்லை என்பது நமக்குச் சாதகம்.

ஆனால் வேறு சிக்கல் இருக்கிறது. அதே ஜூன் மாதம் அதே கப்பல் புதுச்சேரிக்கு வந்தது. கப்பலில் சூதாட்ட வசதி இருக்கிறது என்ற எதிர்ப்பு கிளம்பியதால் அனுமதி கிடைக்கவில்லை. கடலில் காத்திருந்துவிட்டுத் திரும்பியது. மத்திய அரசு கேபோடேஜ் கதவைத் திறந்துவிட்டாலும், துறைமுகத்தின் கதவு உள்ளூர் நிர்வாகத்திடம் இருக்கிறது. புதுச்சேரியில் இறங்கி அடுத்த பயணத்தைத் தொடங்கலாம் என்று திட்டமிட்டவர் யாராவது இருந்திருந்தால் அவர் கதி என்ன? பயண ஒப்பந்தங்களில் பொதுவாகவே, வழியில் ஒரு துறைமுகத்தைத் தவிர்க்கும் உரிமையை நிறுவனம் தன் கையில் வைத்திருக்கும்.

வரிக் கணக்கும் ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கப்பல் இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே ஓட ஆரம்பித்தால், சுங்கத் துறையின் பார்வையில் அது ‘கரையோர ஓட்ட’த்துக்கு மாறுகிறது. ஆறு மாதத்துக்குள் திரும்ப வெளிநாட்டு ஓட்டத்துக்கு மாறினால் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. விலக்கு கிடைக்கும். இது பயணியின் டிக்கெட்டில் எங்கும் அச்சாகாது. ஆனால் கப்பலின் கால அட்டவணை சுற்றுலாப் பருவத்தோடு இதுபோன்ற கணக்குகளுக்கும் கட்டுப்பட்டது என்பது தெரிந்திருந்தால், அடுத்த மாதப் பயணத்தை நம்பி இந்த மாதமே விமான டிக்கெட் எடுக்க மாட்டார்கள்.

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது பழைய போர்ட் பிளேருக்குப் போகும் ‘அந்தமான் கப்பல்’களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அவை இந்தியக் கொடியில் ஓடுபவை. சென்னையில் ஏறி அந்தமான் போய், அங்கிருந்து இன்னொரு கப்பலில் கொல்கத்தா போனாலும் உள்நாட்டுப் பயணம்தான். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை படகுச் சேவை வேறு ரகம். 2023 அக்டோபரில் ‘செரியாபாணி’ தொடங்கி, 2024 ஆகஸ்டிலிருந்து ‘சிவகங்கை’ ஓடும் அந்தத் தடம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதால் கேபோடேஜுக்குள் வராது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய்வந்த க்ரூஸுக்கும் பாஸ்போர்ட்தான் முக்கியம், கொடி அல்ல.

விலக்கு போதுமா?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கரையோரக் கப்பல் போக்குவரத்துச் சட்டத்தை நிறைவேற்றியது. 1958 சட்டத்தின் அந்தப் பகுதிக்கு மாற்றாக வந்த தனிச் சட்டம் இது. இந்தியக் கப்பல்களுக்கு நடைமுறைகள் எளிதாக்கப்பட்டுள்ளன. வெளிநாட்டுக் கப்பல்களுக்கு உரிமம் வேண்டும் என்ற அடிப்படை அப்படியே தொடர்கிறது. சரக்குக் கப்பல்களைப் பொறுத்தவரை இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் க்ரூஸ் பயணிகளின் உரிமையை மட்டும் இன்னமும் அரசாணையின் தவணைத் தேதியில் தொங்கவிடுவது சரியல்ல. பயணிகள் ஓராண்டு முன்பே பணம் கட்டிப் புக் செய்யும் தொழில் இது. விலக்கு நீடிக்கிறதா, என்ன நிபந்தனை என்பதைச் சாதாரண ஆள் தமிழிலேயே படித்துத் தெரிந்துகொள்ளும்படி விதியாகவே எழுதி வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் பெரிய க்ரூஸ் கப்பல்களுக்குக் கரையோரச் சட்டத்திலிருந்து விலக்குதான். விலக்கு கொடுப்பதில் தவறில்லை, அது தெரியாமல் இருப்பதில்தான் தவறு.

இதைவிடப் பெரிய தவறு நிறுவனங்களுடையது. எந்தக் கப்பல், எந்தக் கொடி, எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்ற எல்லா விவரமும் அவர்கள் கணினியில் இருக்கிறது. ஒரே பெயரில், ஒரே கப்பலில், தேதி இடைவெளி இல்லாமல் இரண்டு பதிவு வந்தால் அந்த நொடியிலேயே எச்சரிக்கை காட்டுவது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. பணத்தை வாங்கும்போது கண்டுகொள்ளாமல், மாதங்கள் கழித்து “சட்டம் இது, ரத்து செய்யுங்கள்” என்று சொல்வதை ஏற்க முடியாது. சட்டத்தை அறிந்திருக்க வேண்டிய கடமை அதைவைத்துத் தொழில் செய்பவருக்குத்தான் முதலில். வெம்பாக்கத்தில் உட்கார்ந்து மொபைலில் டிக்கெட் எடுப்பவர், 1886-ல் அமெரிக்காவில் போட்ட சட்டத்தைப் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது விந்தை.

அதுவரை, அடுத்தடுத்துப் புக் செய்யும் முன் பயணி இரண்டு டிக்கெட்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. முதலில் ஏறும் துறைமுகம், கடைசியாக இறங்கும் துறைமுகம், நடுவில் தொடும் நாடுகள், கப்பலின் பெயர். முதலும் கடைசியும் அமெரிக்காவின் வெவ்வேறு ஊர்களாக இருந்து, கப்பலும் ஒன்றாக இருந்தால் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, பதில் வந்த பிறகே பணம் கட்ட வேண்டும். தொலைபேசியில் “ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்” என்று சொல்வது கணக்கில் வராது. வழியில் பாதியில் இறங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். சியாட்டிலில் ஏறிய கப்பலிலிருந்து அலாஸ்காவின் ஜூனோவில் இறங்கி விமானம் பிடித்தாலும் அதே சட்டம்தான் குறுக்கே வரும்.

பல வெளிநாட்டு நிறுவனங்களின் ஒப்பந்தம், வழக்கென்றால் ஃபுளோரிடா நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும் என்று சொல்லும். ஆனால் இந்தியாவில் உள்ள முகவர் மூலமாகப் புக் செய்திருந்தால், அவருடைய சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் புகார் செய்யலாம். முகவரின் அலுவலகம் மும்பையில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போட அந்தச் சட்டத்தின் 34-வது பிரிவு இடம் கொடுக்கிறது. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வெம்பாக்கத்துக்காரருக்கு அது திருவண்ணாமலை. முகவரோடு நடந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டிய ரசீது, ரத்து அறிவிப்பு வந்த தேதி இவற்றை அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.